பழைய அலுமினியப் படகை வீட்டு வாசலில் வைத்துச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. எங்கள் வீடு எல்லைக்குச் சற்று முன்னால், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப் பக்கம். வாசலில் ஐந்து மாதமாக ஒரு 14 அடி அலுமினியப் படகு கவிழ்ந்து கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, தமிழில் பாதி தெலுங்கில் பாதியாகக் கேட்ட கேள்விகள்தான் இவை. நான் படகு கட்டுகிறவன் இல்லை, லேத் ஓட்டுகிறவன். உலோகத்தோடு பழக்கம் உண்டு என்ற தைரியத்தில் இறங்கினேன். அந்தப் பழக்கமெல்லாம் இரும்போடு வந்த பழக்கம் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

எல்லோரும் ஃபைபர் படகு வைத்திருக்கும்போது அலுமினியம் எதற்கு?

தொழிலுக்குப் போகிறவர் என்றால் ஃபைபரே வாங்குங்கள். ஓட்டை விழுந்தால் அடைத்துக் கொடுக்க ஊருக்கு ஒருவர் இருக்கிறார். எனக்கு வேண்டியிருந்தது, இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றக்கூடிய, தூண்டில் போட்டு உட்காரக்கூடிய ஒரு படகு. பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. எடை குறைந்த, தட்டையான அடியுள்ள படகுதான் அங்கே போகும். அப்புறம், இது பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைத்தது. அதையும் மறைப்பானேன்.

வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அமரத்துக்கு, அதாவது படகின் பின்பக்கத்துக்குப் போங்கள். எஞ்சின் மாட்டும் பலகையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் உள்ளே இருக்கும் மரம் உளுத்துவிட்டது. இது பயப்பட வேண்டிய குறை இல்லை, மாற்றிவிடலாம். ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம்.

அடுத்தது அடிப்பாகம். வெள்ளையாகப் பொடி பூத்த இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சின்னக் குழி என்றால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் தகடு காகிதமாகிவிட்டது. இப்படி நாலைந்து இடம் இருந்தால் சரிசெய்யலாம், அடி முழுக்க இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு காந்தமும் கொண்டு போங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் யாரோ இரும்பு போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதைச் சுற்றி நிச்சயம் அரித்திருக்கும். (சில துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தம் ஒட்டாத போல்ட் எல்லாம் அலுமினியம் என்று நினைத்துவிடாதீர்கள்.)

நசுங்கலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முந்தின சொந்தக்காரர் செய்த ரிப்பேரைப் பற்றிக் கவலைப்படுங்கள். என் படகில் தண்ணீர் செய்த சேதத்தைவிட, தாரும் இரும்பு ஆணியும் சிமெண்டும் வைத்து ஒழுகலை அடைத்த கைகள் செய்த சேதம்தான் அதிகம்.

இந்த வெள்ளைப் பொடி துருவா?

துருவின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தைச் சுரண்டினால் கண்மூடித் திறப்பதற்குள் காற்றோடு சேர்ந்து மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல்தான் காவல். இரும்புத்துரு உதிர்ந்து உள்ளே உள்ளே போகும், இது அப்படிப் போகாது. ஆனால் உப்புத் தண்ணீரில் வேறொரு உலோகம் ஒட்டி உட்கார்ந்தால் கதை மாறிவிடும். இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும், கரைந்து போவது அலுமினியம்தான். செம்பு, பித்தளை, ஈயம், இரும்பு எல்லாமே அதற்குப் பகை. அவற்றில் செம்பும் பித்தளையும்தான் கொடியவை.

என் படகின் அடியில், நடுப்பலகைக்குக் கீழே சேறு மண்டிக் கிடந்தது. கரண்டியால் வழித்தபோது வலையில் கோர்க்கும் ஈயக்குண்டு இரண்டு கிடைத்தன. எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் அடியில் அதன் அளவுக்கே ஒரு பள்ளம், சுற்றிலும் தயிர் உறைந்த மாதிரி வெள்ளைப் பசை. ஒரு பள்ளத்தில் ஊசியை விட்டேன், மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. எந்தப் பாறையிலும் மோதாமல் விழுந்த ஓட்டை அது. அன்றிலிருந்து படகில் வயர் துண்டு கிடந்தாலும் பொறுக்கிவிடுகிறேன்.

பழைய பெயிண்டை எப்படி எடுப்பது? காஸ்டிக் சோடா போடலாமா?

போடாதீர்கள். நான் போட்டேன்.

இரும்பு கேட்டில் பெயிண்ட் உரிக்க எங்கள் பட்டறையில் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தடவுவது வழக்கம். அதே பழக்கத்தில் படகின் பக்கவாட்டில் ஒரு முழம் நீளத்துக்குத் தடவினேன். இரண்டு நிமிடத்தில் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரை கிளம்பியது. பெயிண்ட் உரிகிறது என்று சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன். உரிந்தது பெயிண்ட் மட்டும் இல்லை. காஸ்டிக் அலுமினியத்தையே கரைக்கும், அந்த நுரை தீப்பிடிக்கும் ஹைட்ரஜன். குழாயைத் திறந்து அடித்துக் கழுவுவதற்குள் தகடு கறுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. அந்த இடம் இன்றும் பெயிண்டுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படுகிறது.

அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பெயிண்ட் ரிமூவர் வாங்குங்கள், பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். மீதிக்கு உப்புத்தாள். இரும்பு வயர் பிரஷ் கூடாது. அதன் துகள் தகட்டில் பதிந்து, பத்து நாளில் மஞ்சள் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். நைலான் பிரஷ் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் நனைத்துத் தேயுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் இதே காரக் குணம் உள்ளவை. இந்தப் பக்கம் சிப்பிச் சுண்ணாம்பு வீட்டுக்கு வீடு இருக்கும். படகை அதன் பக்கத்திலோ புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையிலோ வைக்காதீர்கள்.

ஒழுகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

படகைத் தண்ணீரில் விடாமல், தண்ணீரைப் படகில் விட வேண்டும். பழைய லாரி டயர்களின் மேல் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். என் படகின் அடிப்பரப்பு ஏறக்குறைய 4.4 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கே 220 லிட்டர், அதாவது 220 கிலோ. முழங்கால் அளவு நிரப்பினால் டன்னைத் தாண்டிவிடும். தண்ணீரில் மிதக்கும்போது வெளியிலிருந்து ஏரி தாங்கும், தரையில் யார் தாங்குவது?

இனி என் மனைவி சொன்ன யோசனை. அடியை வெளிப்பக்கம் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த துணியில் கோலமாவைத் தொட்டு, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை முழுக்க ஒற்றி எடுங்கள். ஒழுகாத ரிவெட் வெள்ளையாகவே இருக்கும். கசிகிற ரிவெட்டைச் சுற்றி மாவு ஈரமாகி, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழும். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். மார்க்கரால் வட்டம் போட்டு எண் கொடுங்கள். எனக்கு 41 வந்தது.

ரிவெட்டை நாமே அடிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒற்றை ஆளாக முடியாது. நான் இதில்தான் அதிக நாள் செலவழித்தேன், இதைத்தான் அதிகம் ரசித்தேன்.

கசிகிற ரிவெட்டை எல்லாம் பிடுங்க வேண்டியதில்லை. பல ரிவெட்டுகள் தளர்ந்து போயிருக்கும், அவ்வளவுதான். வெளித்தலையில் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்பக்கம் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். என்னுடைய 41-இல் 26 இப்படியே அடங்கின.

மீதி 15-க்குப் புது ரிவெட். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் உளியால் புள்ளி குத்தி, டிரில்லால் தலையை மட்டும் எடுத்துவிட்டு, தண்டைத் தட்டி வெளியேற்றுங்கள். ஓட்டை கோணலாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போக வேண்டியதுதான். ரிவெட் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சேரும் தகடுகளின் மொத்தத் தடிப்போடு, ரிவெட்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 1.6 மில்லிமீட்டர் தகடு இரண்டு, ரிவெட் 4.8 என்றால், 3.2-உம் 7.2-உம் சேர்ந்து 10.4. அடித்து முடித்த பிறகு உருவாகும் தலை ஏழு மில்லிமீட்டர் அகலம், இரண்டரைக்குக் கொஞ்சம் குறைந்த உயரம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் தகடே நெளியும்.

ஆளுக்கு ஒரு பக்கம். நான் உள்ளே சுத்தியலோடு, அக்கா மகன் கீழே இரண்டு கிலோ இரும்புக் கட்டையோடு. நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. விமானம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் தட்டு பாஷையையே நாங்களும் வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் 'இன்னும் அடி', இரண்டு என்றால் 'சரி', மூன்று என்றால் 'கெட்டுப்போச்சு, பிடுங்கு'. முதல் நாள் முழுக்க மூன்று தட்டுதான் கேட்டது. மூன்றாம் நாள், கட்டை சரியாக உட்கார்ந்திருந்தால் சுத்தியல் சத்தமே மாறுவது தெரிந்தது. தவறாக உட்கார்ந்தால் தகரத்தில் அடித்த ஓசை, சரியாக உட்கார்ந்தால் கல்லில் அடித்த ஓசை.

செருகுவதற்கு முன் தண்டில் பாலியூரிதேன் சீலன்ட் தடவுங்கள். சிகாஃப்ளெக்ஸ் மாதிரி படகுக்கென்று வருகிற வகை. புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலம் உலோகத்துக்கு ஆகாது.

பாப் ரிவெட் அடித்தால் ஒரே ஆளாக முடித்துவிடலாமே?

ஒரு பக்கத்திலிருந்தே கருவியால் இழுத்து இறுக்குகிற ரிவெட் அது. உள்பக்கம் கை போகாத இடத்துக்குச் சரி. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே என்றால் முனை மூடிய வகைதான் வேண்டும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் ஓட்டை உண்டு, அதில் மாட்டிக்கொண்டு நிற்கும் இரும்புத் துண்டு துருப்பிடிக்கும்.

எம்-சீல் வைத்தால் போதாதா?

ஏரி நடுவில் ஒழுகினால் வையுங்கள். கரைக்கு வந்து சேரலாம்.

கிழிந்த இடத்துக்கு வெல்டிங்?

தெருமுனை வெல்டிங் கடையில் கொடுத்துவிடாதீர்கள். இது ஆர்கன் வாயுவோடு ஏசி கரண்டில் அடிக்கிற டிக் வெல்டிங் வேலை. கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர் பக்கம் அலுமினிய வேலையே செய்கிற பட்டறைகள் உண்டு. இரும்பு சூடானால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே நின்று, 660 டிகிரியில் திடீரென்று ஒழுகிவிடும். மேலே இருக்கும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அதனால் தோலை முழுக்க எடுக்காமல் வெல்டிங் பிடிக்காது. படகுத் தகடு பெரும்பாலும் 5052 வகை, அதற்கு 5356 கம்பி சேரும். என்ன கம்பி போடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் படகை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடியுங்கள். 1.6 தகட்டுக்கு அதுவே எனக்குப் பிடித்த வழி. வெல்டிங் என்றால், அதற்கு முன் பெட்ரோல் டேங்கும் உட்காரும் பலகைக்கு அடியிலுள்ள தெர்மாகோல் நுரையும் வெளியே போயிருக்க வேண்டும்.

எஞ்சின் பலகைக்கு என்ன மரம்? தேக்கு போடலாமா?

எதிர்வீட்டு அண்ணன் தேக்கு என்றார், கடைக்காரர் வேம்பு என்றார். நான் போட்டது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட். 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை எபாக்சியால் ஒட்டினால் 36. தனி மரம் ஒரே திசையில் பிளக்கும், எஞ்சின் அதிர்வு அதற்குத்தான் காத்திருக்கும். பிளைவுட்டில் அந்தப் பயம் குறைவு.

பலகையின் விளிம்புகளும் போல்ட் ஓட்டைகளும்தான் தண்ணீர் குடிக்கும் வாய்கள். விளிம்புக்கு மூன்று பூச்சு எபாக்சி கொடுங்கள். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி ஓட்டை போடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது. பச்சையாக மருந்தேற்றிய பலகை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கும், ஈயக்குண்டு கதை பெரிய அளவில் நடக்கும். போல்ட்டுகள் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு, ஒவ்வொன்றுக்கும் கீழே பிளாஸ்டிக் வாஷர்.

உட்காரும் பலகைக்கு அடியில் தெர்மாகோல் இருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பழையதைத் தூக்கிப் போடுங்கள், இடத்தைக் காலியாக விடாதீர்கள். மரப்படகு கவிழ்ந்தாலும் மிதக்கும், அலுமினியம் மிதக்காது. 100 கிலோ படகு முழுகினால் தண்ணீருக்குள் 63 கிலோ எடை இழுக்கும், கூடவே எஞ்சின். அந்த நுரைதான் உங்களைப் பிடித்துக்கொள்ள ஏதாவது மிச்சம் வைக்கும். என் படகில் இருந்தது தண்ணீர் ஊறி ஊறி, ஒரு ஆள் தூக்க முடியாத கனத்தில் இருந்தது.

மீன் பெட்டித் தெர்மாகோலை வெட்டிப் போடலாமா என்றால், ஒரு துண்டின் மேல் நாலு சொட்டு பெட்ரோல் விட்டுப் பாருங்கள். மிட்டாய் மாதிரிக் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். படகில் பெட்ரோல் சிந்தாத நாள் ஏது? மூடிய கண்ணறை உள்ள பாலியூரிதேன் நுரை விலை கூடுதல், ஆனால் கரையாது. 30 லிட்டர் அளவுக் கட்டை ஏறக்குறைய 29 கிலோவைத் தாங்கும். அடியில் வைக்காமல், இரு பக்கமும் முடிந்தவரை உயரத்தில் பிரித்து வையுங்கள். அடியில் வைத்தால் முழுகும்போது படகு குப்புறப் புரளும்.

ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட் அடிக்கலாமா?

நம் ஊரில் உலோகம் என்றாலே ரெட் ஆக்சைடு. அது இரும்புக்கு. அலுமினியத்தில் ஒரு மழைக்காலம் தாங்காமல் தோல் தோலாக உரியும். எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) அல்லது எபாக்சி பிரைமர் அடியுங்கள். சோப்பு போட்டுக் கழுவி, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அன்றைக்கே, முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும். தேய்த்துவிட்டு நாளைக்கு அடிக்கலாம் என்று தூங்கப்போனால் ஆக்சைடு தோல் வந்துவிடும், இங்கே உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவையே திறக்காதீர்கள்.

உள்பக்கம் நான் பெயிண்டே அடிக்கவில்லை. வெறும் அலுமினியம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், அரிப்பு வந்தாலும் உடனே கண்ணுக்குத் தெரியும். கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமலிருக்க அடிக்கும் செம்பு பெயிண்டைக் கனவிலும் நினைக்காதீர்கள். தினம் கரையேற்றுகிற படகுக்கு அது தேவையும் இல்லை.

அனோடு மாட்ட வேண்டுமா? துத்தநாகமா, மக்னீசியமா?

தண்ணீரிலேயே கட்டிப்போடுகிற படகு என்றால் கட்டாயம். அது படகில் மாட்டும் ஒரு உலோகக் கட்டி, படகுக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. கடல் தண்ணீருக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம் என்பார்கள். நம் ஏரி இரண்டும் கெட்டான். ஆரணி, காளங்கி ஆறுகளில் வெள்ளம் வந்தால் உப்பு கரைந்து குறைந்துவிடும், கோடையில் கடலையே மிஞ்சும். இப்படிப்பட்ட தண்ணீருக்கு அலுமினியக் கலவை அனோடுதான் பொருத்தம். அதன் மேல் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

பழைய எஞ்சினை என்ன செய்வது?

படகு சரியாகும் முன்பே எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் அடிக்கால் முழுகும்படி வைக்காமல் கிளப்பாதீர்கள். உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் சில விநாடி வறட்சியிலேயே கருகும். அதைக் கழற்றிப் புதிது போடுங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். குழாய்களை மாற்றுங்கள், மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள். ஏரியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். வயரிங் செய்தால் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் தனி வயர் இழுங்கள். பைக்கில் செய்வதுபோல் பாடியையே மைனஸாக வைத்தால் தகடு கரைய ஆரம்பிக்கும்.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

வேண்டும். எஞ்சினில் ஓடும் கலங்களுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவு கேட்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, இரண்டு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம் உண்டு, கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் தண்ணீரில் எங்கே போகக்கூடாது என்று மீனவர்களுக்கே சொல்லிவிடுவார்கள். எஞ்சின் மாட்டும் முன் வனத்துறையிலும் மீன்வளத்துறையிலும் நேரில் போய்க் கேளுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. என் படகில் நாலு லைஃப் ஜாக்கெட், ஏறுவது மூன்று பேர்.

எவ்வளவு செலவாயிற்று, எத்தனை நாள்?

தையில் ஆரம்பித்தேன், வைகாசியில் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். படகுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவு. அதில் பாதி எஞ்சினுக்கு. வீட்டில் சொன்ன கணக்கு வேறு.

முதல் நாள் ஒழுகியதா?

ஒழுகியது. அரை மணி நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) மூன்றாவது குறுக்குச் சட்டத்துக்குக் கீழே, வலது பக்கம், 33-ஆம் எண் ரிவெட். அதை அடித்த அன்று மழை தூற ஆரம்பித்திருந்தது, கீழிருந்து இரண்டு தட்டு வருவதற்குள் சுத்தியலை வைத்துவிட்டு ஓடியிருந்தோம். ஐப்பசியில் படகைக் கரையேற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதுவரை ஒரு பழைய ஸ்பாஞ்ச் படகிலேயே கிடக்கிறது.